ஒரு காரட் கல் ஏன் சின்னதாகத் தெரிகிறது?

கேள்வி: மோதிரத்தில் பதிக்க ஒரு வட்ட வைரம் தேடுகிறேன். மூன்று கற்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். நிறம், தெளிவு இரண்டிலும் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் கல் 1.01 காரட், இரண்டாவது 0.93, மூன்றாவது 0.96. ஆனால் அருகருகே வைத்துப் பார்த்தால் எடை கூடுதலாக உள்ள முதல் கல்தான் சின்னதாகத் தெரிகிறது. மூன்றாவது நல்ல பெரியதாக இருக்கிறது, ஆனால் நடுவில் களையே இல்லை. விற்பவரோ ஒரு காரட் கல் எப்படியும் பெரிய கல்தான் என்கிறார். என் பார்வையில் கோளாறா? கற்களின் தரச் சான்று அறிக்கையில் இருந்த அளவுகளை இத்துடன் அனுப்புகிறேன். எந்தக் கல்லை எடுக்கலாம்? முதல் கல்லைத் திரும்பப் பட்டை தீட்டினால் சரியாகுமா?

பதில்:

உங்கள் பார்வையில் ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் கண்டதை உங்கள் கடிதத்தில் உள்ள அளவுகளே உறுதி செய்கின்றன. அளவுகளைக் குறித்து அனுப்பியது பெரிய உதவி. அவை இல்லாவிட்டால் பொதுவாகத்தான் ஏதாவது சொல்லியிருக்க முடியும்.

காரட் என்பது எடை. ஒரு காரட் 0.2 கிராம், அவ்வளவுதான். அந்த எடை கல்லின் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. மோதிரத்தில் பதித்த பிறகு நமக்குத் தெரிவது கல்லின் முகம் மட்டும். அடிப்பக்கத்தில் எவ்வளவு எடை ஒளிந்திருந்தாலும் யாரும் பார்க்கப் போவதில்லை. அதனால் எந்தக் கல்லைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது மில்லிமீட்டர்.

உங்கள் முதல் கல்லின் விட்டம் 6.20 மி.மீ., உயரம் 4.06. அதாவது விட்டத்தில் 65.5 சதவீதம் உயரம். இரண்டாவது 6.28 மி.மீ., உயரம் 3.86, அதாவது 61.5 சதவீதம். மூன்றாவது 6.60 மி.மீ., உயரம் 3.63, அதாவது 55 சதவீதம். நல்ல விகிதத்தில் வெட்டிய ஒரு காரட் வட்ட வைரம் 6.4 முதல் 6.5 மி.மீ. வரை இருக்க வேண்டும். உங்கள் 1.01 காரட் கல்லுக்கு 0.9 காரட் கல்லின் முகம்தான் இருக்கிறது. மீதி எடை ஆழத்திலும் தடித்த விளிம்பிலும் போய்விட்டது.

ஆனாலும் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முதல் கல்லுக்கும் இரண்டாவது கல்லுக்கும் விட்டத்தில் வித்தியாசம் வெறும் 0.08 மி.மீ. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை வெறும் கண்ணால் பிரித்துப் பார்ப்பது கடினம். அப்படியானால் முதல் கல் சின்னதென்று உங்களுக்குப் பளிச்சென்று தெரிந்தது எப்படி? விட்டத்தைத் தாண்டி வேறொன்று நடக்கிறது. பிரகாசமாக இருக்கும் பரப்பைத்தான் கண் கல்லாக எடுத்துக்கொள்கிறது. ஓரம் மங்கினால் அந்த ஓரம் கணக்கில் சேராது. விளிம்பு வரை ஒளி திரும்பி வரும் கல், அதே விட்டமுள்ள மங்கலான கல்லைவிடப் பெரியதாகத் தெரியும். ஜொலிப்பும் தோற்ற அளவும் தனித்தனி விஷயங்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அவை ஒன்றோடு ஒன்று பின்னிய விஷயங்கள். உங்கள் மூன்று கற்களே அதற்குச் சாட்சி.

ஒளி உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டால் மற்றது எல்லாம் எளிது. முதலில் பாகங்களின் பெயர்கள். மேலே தட்டையாக இருக்கும் பெரிய பட்டை டேபிள். அதைச் சுற்றிச் சரிந்திருக்கும் மேல்பாகம் கிரவுன். கல்லின் மிக அகலமான விளிம்பு கர்டில். அதற்குக் கீழே கூம்பாகக் குறுகும் பாகம் பெவிலியன், அதன் நுனி கியூலெட். வழக்கமான வட்ட பிரில்லியன்ட் வெட்டில் 57 பட்டைகள் இருக்கும். கியூலெட்டையும் ஒரு பட்டையாகத் தீட்டியிருந்தால் 58.

வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. இது மிக உயர்ந்த எண். இதனால் வைரத்துக்குள் போன ஒளி அவ்வளவு எளிதாக வெளியே வராது. உள்ளிருந்து ஒரு பட்டையின் மேல் விழும் கதிர், அந்தப் பட்டைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 24.4 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் முழுக்க உள்ளேயே எதிரொளிக்கும். வெட்டுபவரின் வேலை இந்தக் குணத்தைப் பயன்படுத்தி, மேலிருந்து வந்த ஒளியை அடியில் இரண்டு முறை திருப்பி, மறுபடி மேலே அனுப்புவது. அதற்குப் பெவிலியனின் கோணம், அதாவது கிடைமட்டத்திலிருந்து அது எவ்வளவு சரிகிறது என்பதுதான், உயிர்நாடி.

உங்கள் இரண்டாவது கல்லில் பெவிலியன் கோணம் 40.8 டிகிரி. டேபிள் வழியாக நேராகக் கீழே இறங்கும் கதிர் ஒரு பக்கச் சரிவில் 40.8 டிகிரியில் படுகிறது, எதிர்ப்பக்கச் சரிவில் 57.6 டிகிரியில் படுகிறது. இரண்டும் 24.4-ஐவிட அதிகம், எனவே துளியும் கசியவில்லை. திரும்பி மேலே வந்து டேபிளைத் தாண்டி வெளியேறும்போது செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 44 டிகிரி சாய்ந்து போகிறது. ஒளியின் பாதை இரண்டு திசையிலும் ஒன்றுதான். ஆகவே நீங்கள் கல்லை நேர் மேலிருந்து பார்க்கும்போது, அந்தப் பட்டையில் உங்களுக்குத் தெரிவது 44 டிகிரி சாய்வில் இருக்கும் வெளிச்சம். ஜன்னலும் விளக்கும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இதே கணக்கைப் பெவிலியன் 43 டிகிரி உள்ள ஆழமான கல்லுக்குப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அந்த நேர்க்கதிர் அடியில் கசிவதில்லை. ஆழமான கல் என்றாலே ஒளி அடியில் ஒழுகிவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள், நடுப்பகுதியைப் பொறுத்தவரை அது சரியில்லை. ஒளி திரும்பித்தான் வருகிறது. ஆனால் செங்குத்திலிருந்து வெறும் 20 டிகிரி அளவில் வெளியே வருகிறது. அந்தத் திசையில் இருப்பது என்ன? குனிந்து பார்க்கும் உங்கள் தலை. கல் உங்கள் தலையின் நிழலைத்தான் உங்களுக்குக் காட்டுகிறது. செங்கோணத்தில் சேர்த்து நிறுத்திய இரண்டு கண்ணாடிகளுக்கு முன்னால் நின்றால் எங்கிருந்து பார்த்தாலும் நம் முகமே தெரியுமே, அது போலத்தான். பெவிலியன் 45 டிகிரியை நெருங்க நெருங்க நடுப்பகுதி கறுத்துவிடும். ஆணித்தலை போல இருக்கிறது என்பதால் இதற்கு நெயில்ஹெட் என்றே தொழிலில் பெயர்.

உங்கள் முதல் கல் அந்த அளவுக்கு மோசமில்லை. அதன் பெவிலியன் 41.8 டிகிரி. அது மட்டும் தனியாக இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் கிரவுனும் 36.5 டிகிரி என்று செங்குத்தாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்து செங்குத்தாகப் போனால் கிரவுன் வழியாக நுழையும் கதிர்கள் அடியில் தவறான கோணத்தில் பட்டுக் கசிகின்றன. டேபிளின் விளிம்பை ஒட்டி ஒரு மங்கல் வளையம் உருவாகிறது. நீங்கள் கல்லை மேலிருந்து பார்த்தபோது உங்கள் கண் அந்த வளையத்தோடு நின்றுவிட்டது, அதற்கு வெளியே இருந்த ஓரத்தைக் கண்டுகொள்ளவில்லை. போதாததற்கு அறிக்கையில் கர்டில் மிகத் தடிமன் என்று வேறு இருக்கிறது. கர்டிலில் இருக்கும் எடை அழகுக்கும் உதவாது, அளவுக்கும் உதவாது. தராசுக்கு மட்டும்தான் உதவும்.

அப்படியானால் ஏன் இப்படி வெட்டுகிறார்கள்? வெட்டுபவருக்குக் கை வராததால் அல்ல. வெட்டப்படாத மூல வைரம் பெரும்பாலும் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டிய எண்முக வடிவில் கிடைக்கிறது. அதன் இயற்கையான சரிவு சுமார் 55 டிகிரி. அதைப் பெவிலியனுக்கு வேண்டிய 41 டிகிரிக்குக் கொண்டுவர நிறையத் தீட்டித் தள்ள வேண்டும். வட்டமாக வெட்டும்போது கல்லின் எடையில் பாதிக்கு மேல் போய்விடுவது சாதாரணம். கோணத்தைக் கொஞ்சம் செங்குத்தாகவே விட்டு, கர்டிலைத் தடிமனாக வைத்தால் எடை மிஞ்சும். 0.95-இல் நிற்க வேண்டிய கல் 1.01 ஆகும். ஒரு காரட் கோட்டைத் தாண்டினால் காரட் ஒன்றுக்கான விலையே ஒரு படி ஏறுகிறது. உங்கள் முதல் கல் அந்தக் கோட்டைத் தாண்டுவதற்காகவே வெட்டப்பட்டது என்பது என் கணிப்பு. 1.01, 1.02, 1.51 போன்ற எடைகளைப் பார்த்தால் விகிதங்களைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள். அந்த எடையில் நல்ல கற்களும் உண்டு, இல்லாமல் இல்லை.

மூன்றாவது கல் இதற்கு நேர் எதிர். டேபிளின் அகலம் விட்டத்தில் 63 சதவீதம், கிரவுன் 31 டிகிரி, பெவிலியன் 39.2. எடையை அடியில் ஒளிக்காமல் அகலத்தில் பரப்பியிருக்கிறார்கள். இரண்டாவது கல்லைவிட முகப்பரப்பு சுமார் 10 சதவீதம் அதிகம், அதனால்தான் பெரியதாகத் தெரிகிறது. ஆனால் 39.2 டிகிரி பெவிலியனில் அந்த நேர்க்கதிர் வெளியே வரும்போது 72 டிகிரி சாய்ந்துவிடுகிறது, கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறது. அந்தத் திசையில் ஜன்னலோ விளக்கோ அநேகமாக இருக்காது. கல்லைப் பிடித்திருக்கும் விரல், சட்டை, மேசைப் பரப்பு, இவைதான் இருக்கும். கல்லைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். டேபிளுக்குள் ஒரு சாம்பல் நிற வளையம் தெரியும். அது கர்டிலின் பிம்பம். இதை மீன்கண் என்பார்கள். நடுவில் களையில்லை என்று நீங்கள் எழுதியது இதைத்தான். மோதிரம் விரலில் அசையும்போதெல்லாம் இது வந்து வந்து போகும். ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு பார்க்காமல் இருக்க முடியாது.

இந்தக் கோணங்களைக் கணக்குப் போட்டு எழுதியவர்களில் முக்கியமானவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி. வைரம் வெட்டும் குடும்பத்திலிருந்து வந்த பொறியாளர். 1919-இல் அவர் தந்த அளவுகள்: டேபிள் 53 சதவீதம், கிரவுன் 34.5 டிகிரி, பெவிலியன் 40.75 டிகிரி. இன்றும் இந்த எண்களைச் சுற்றித்தான் நல்ல வட்டக் கற்கள் வெட்டப்படுகின்றன. ஆனால் இவற்றை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரவுனும் பெவிலியனும் ஒரு ஜோடி. கிரவுன் கொஞ்சம் ஏறினால் பெவிலியன் கொஞ்சம் இறங்க வேண்டும். கிரவுன் ஒரு டிகிரி கூடினால் பெவிலியன் சுமார் 0.2 டிகிரி குறையலாம் என்பது தோராயக் கணக்கு. 34.5-க்கு 40.8 பொருந்துவது போலவே 35.5-க்கு 40.6-உம் பொருந்தும். பெவிலியனில் விளையாட இடம் மிகக் குறைவு, கிரவுனில் சற்று அதிகம். அதனால் ஒரு நேரத்தில் ஓர் எண்ணைத்தான் பார்க்க முடியும் என்றால் பெவிலியனைப் பாருங்கள். மொத்த உயரத்தின் சதவீதத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். தட்டையான கிரவுனும் ஆழமான பெவிலியனும் சேர்ந்தும் 61 சதவீதம் வரும். அந்த எண் அழகாக இருக்கும், கல் அப்படி இருக்காது.

டேபிளின் அகலமும் கிரவுனின் உயரமும் ஜொலிப்பின் குணத்தையே மாற்றுகின்றன. கல்லிலிருந்து வெள்ளையாகத் திரும்பும் ஒளி ஒன்று, வானவில் நிறங்களாகப் பிரிந்து வரும் தீப்பொறி இன்னொன்று, கல் அசையும்போது மாறி மாறி வரும் மினுக்கல் மூன்றாவது. டேபிள் சிறியதாகவும் கிரவுன் உயரமாகவும் இருந்தால் நிறப்பொறி தூக்கலாக இருக்கும். டேபிள் 60 சதவீதத்தை நெருங்கினால் வெள்ளை ஒளி ஓங்கும், கல்லும் கொஞ்சம் அகலமாகத் தோன்றும். இதில் சரி தவறு இல்லை, விருப்பம்தான். எனக்குத் தனிப்பட்ட முறையில் 55, 56 சதவீத டேபிள் பிடிக்கும். உங்கள் இரண்டாவது கல் 56.

எடைக்கும் தோற்றத்துக்கும் உள்ள உறவைப் பற்றி இன்னொன்று. ஒரு காரட் கல் 6.5 மி.மீ. என்றால் இரண்டு காரட் கல் 13 மி.மீ. ஆகிவிடாது, சுமார் 8.2 மி.மீ.தான். எடை மூன்று திசையிலும் பங்கு போவதால் விட்டம் மெதுவாகத்தான் ஏறும். 0.93-க்கும் 1.01-க்கும் நடுவே, இரண்டும் ஒரே நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தாலும், வித்தியாசம் 0.2 மி.மீ.கூட வராது. எடையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வெட்டைப் பிடித்துக்கொள்வதில் நீங்கள் இழப்பது மிகக் குறைவு.

அறிக்கை விஷயத்துக்கு வருகிறேன். ரத்தினங்களைச் சோதித்து அறிக்கை தரும் அமெரிக்க நிறுவனமான ஜிஐஏ, வட்ட பிரில்லியன்ட் கற்களுக்கு 2006 முதல் வெட்டுத் தரம் தருகிறது. மிகச் சிறப்பு என்பதிலிருந்து மோசம் வரை ஐந்து படிகள். உங்கள் முதல் கல்லும் மூன்றாவது கல்லும் அந்த மேல்படியில் வர வாய்ப்பே இல்லை. ஆனால் மேல்படியில் வரும் எல்லாக் கற்களும் ஒன்றுபோல இருக்கும் என்றும் எண்ண வேண்டாம், அந்தப் படி நல்ல அகலமானது. அறிக்கையில் உள்ள கோணங்கள் எல்லாப் பக்கங்களின் சராசரி, அதையும் முழுமைப்படுத்தித்தான் அச்சிடுகிறார்கள்: கிரவுனை 0.5 டிகிரிக்கும் பெவிலியனை 0.2 டிகிரிக்கும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தாலும் சராசரி அழகாகவே இருக்கும். எனவே காகிதம் கற்களை வடிகட்டத்தான். கடைசி முடிவை உங்கள் கண் எடுக்கட்டும்.

எப்படிப் பார்ப்பது? நகைக்கடை விளக்குகள் கூர்மையான புள்ளி ஒளி தருபவை. அந்த விளக்கில் எல்லாக் கல்லும் தீப்பொறி பறக்கும், சுமாரான கல்லும் கூட. அங்கே பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நேரடி வெயில் படாத ஜன்னலோரத்துக்கு எடுத்துப் போங்கள். கண்ணிலிருந்து ஒரு முழ தூரத்தில் பிடித்து, முதலில் நேராகப் பாருங்கள். விளிம்பு வரை வெளிச்சம் இருக்கிறதா, கறுப்பும் வெளுப்பும் கலந்து சீராக விரவியிருக்கிறதா என்று கவனியுங்கள். நல்ல கல்லிலும் கறுப்பு இருக்கும், இருக்கத்தான் வேண்டும். கறுப்பு இல்லாமல் மினுக்கல் எடுபடாது. அந்தக் கறுப்பு ஒரே இடத்தில் குவிந்து நின்றுவிடக் கூடாது, சாய்க்கும்போது இடம் மாற வேண்டும். பிறகு மெதுவாக நான்கு பக்கமும் சாயுங்கள். அப்புறம் மேசைக்கு அடியில் நிழலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். மங்கலான இடத்திலும் ஒளியைத் தேடிப் பிடிக்கிற கல்தான் நல்ல கல். மூன்றையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நினைவில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம்.

பார்ப்பதற்கு முன் கல்லைத் துடைத்துத் தரச் சொல்லுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இல்லை. வைரத்தில் எண்ணெய்ப் பசை எளிதாக ஒட்டும். பெவிலியனில் எண்ணெய்ப் படலம் படிந்தால் அந்த 24.4 டிகிரி எல்லை சுமார் 37 டிகிரிக்கு ஏறிவிடும். உள்ளே எதிரொளித்துக்கொண்டிருந்த கதிர்களில் பல அந்தப் படலம் வழியே கசிய ஆரம்பிக்கும். மிக நேர்த்தியாக வெட்டிய கல்லும் அழுக்கோடு இருந்தால் சுத்தமான சுமார் கல்லிடம் தோற்கும்.

முதல் கல்லைத் திரும்பத் தீட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தீட்டலாம். விட்டத்தை 6.15 மி.மீ. அளவில் காப்பாற்றி உயரத்தை 61.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் சுமார் 0.87 காரட் மிஞ்சும். கல் இப்போது இருப்பதைவிட நன்றாக ஜொலிக்கும், பெரியதாகவும் தெரியும். ஆனால் ஒரு காரட் என்ற அந்தஸ்து போய்விடும். தீட்டும்போது கல் விரிசல் விடும் ஆபத்தும் கொஞ்சம் உண்டு. பரம்பரையாக வந்த கல் என்றால் யோசிக்கலாம். புதிதாக வாங்கும் கல்லுக்கு ஒரு காரட் விலை கொடுத்து, பிறகு அதை 0.87 ஆக்குவதில் எந்த அர்த்தமும் இல்லை.

எனவே இரண்டாவது கல்லை எடுங்கள் என்பேன். கர்டில் அளவை மட்டும் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். மெலிதிலிருந்து நடுத்தரம் வரை இருந்தால் நிம்மதி. மிக மிக மெலிது என்றிருந்தால் பதிக்கும்போதே ஓரம் சிதறலாம், அப்படியானால் வேறு கல் தேடுங்கள். பதிக்கும்போது கல்லைப் பிடிக்கும் பிடிகள் மெல்லியதாக இருக்கட்டும், 6.28 மி.மீ. முகத்தைத் தடித்த பிடிகள் மூடிவிட வேண்டாம். சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் கல்லின் அடிப்பக்கத்தை எட்டும் அளவுக்கு மோதிரத்தின் அடியில் திறப்பு விடச் சொல்லுங்கள்.